பயன் கருதா எண்ணின்பம்: மகாவீரரின் எண்மாலையும் கப்ரேக்கரின் எண் ஆட்டமும்

முன்னுரை

கணிதத்தைப் பற்றிப் பேசத் தொடங்கும்போதெல்லாம் 'பயன்' என்னும் சொல்லும் உடன் வந்து நிற்கிறது. வணிகத்திற்குக் கணிதம், கட்டடக் கலைக்குக் கணிதம், கணினிக்குக் கணிதம் என்று பட்டியலிட்ட பின்னரே அதனைக் கற்பிக்கும் உரிமை நமக்குக் கிடைப்பதுபோல் நடந்து கொள்கிறோம். வகுப்பறையில் ஓர் எண் புதிரைக் கரும்பலகையில் எழுதினால், "ஐயா, இது சோதனைக்கு வருமா?" என்று மாணவர் கேட்பர். மலேசியாவில் ஆறாம் ஆண்டு மாணவர்க்குரிய யுபிஎஸ்ஆர் தேர்வு 2021ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. அக்கேள்வி மட்டும் நீங்கவில்லை.

இந்தியக் கணித வரலாற்றை எழுதுவோரும் இப்போக்கிற்கு முற்றிலும் விலக்கானவர் அல்லர். சுழியம், இடமதிப்பு முறை, வானநூற் கணிப்புகள், கேரளக் கணிதர் கண்ட முடிவிலித் தொடர்கள் ஆகியவை பற்றி விரிவான ஆய்வுகள் உள்ளன. அவை வேண்டியனவே. ஆயின், எண்ணைக் கையில் எடுத்துக்கொண்டு, எதற்கு என்று கேளாமல், அது காட்டும் அழகில் மகிழ்ந்திருந்தோரின் வரலாறு பெரும்பாலும் அடிக்குறிப்புகளில் ஒதுங்கிவிடுகிறது. அவர்கள் செய்தது 'வெறும் விளையாட்டு' என்னும் ஒரு தொடரே அதற்குப் போதுமான காரணமாகிவிடுகிறது.

இக்கட்டுரையில் நாம் இரண்டு இடங்களில் நின்று பார்க்க விரும்புகிறோம். ஒன்று, ஒன்பதாம் நூற்றாண்டின் இராட்டிரகூட அரசவை. மற்றொன்று, இருபதாம் நூற்றாண்டில் நாசிக் நகருக்கு அருகே, டேவ்லாலி என்னும் சிற்றூரில் இருந்த ஒரு பள்ளி. முன்னவரிடமிருந்து பின்னவர் கற்றார் என்று நிறுவுவது நம் நோக்கமன்று. பயன் கருதாத எண்ணின்பம் கற்றோர் நடுவே மதிப்புடன் அமர்ந்திருந்த ஒரு காலத்தையும், அதே இன்பம் கூச்சத்துடன் ஓரத்தில் நிற்க நேர்ந்த மற்றொரு காலத்தையும் அருகருகே வைத்துக் காண்பதே நோக்கமாகும்.

மகாவீரரின் கழுத்தணி

மகாவீராசாரியர் ஒரு சமணர். அமோகவர்ஷ நிருபதுங்கன் என்னும் இராட்டிரகூட மன்னனின் காலத்தில், கி.பி. 850ஆம் ஆண்டளவில், 'கணிதசாரசங்கிரகம்' என்னும் வடமொழிச் செய்யுள் நூலை அவர் இயற்றினார். வானநூலின் ஓர் அதிகாரமாகக் கணிதத்தைச் சேர்த்து எழுதும் வழக்கம் மிகுந்திருந்த காலத்தில், கணிதத்திற்கென்றே தனியாக எழுந்த நூல் இது. பதினோராம் நூற்றாண்டில் பாவுலூரி மல்லனர் இதனைத் தெலுங்கில் ஆக்கினார் என்பதிலிருந்து தென்னாட்டில் இதற்கிருந்த செல்வாக்கை அறியலாம். பிற்காலத்தில் இந்நூல் உலக ஆய்வாளரின் கவனத்திற்கு வந்ததும் சென்னையின் வழியாகத்தான். சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியராக விளங்கிய மா. ரங்காசாரியார் சுவடிகளை ஒப்புநோக்கிப் பதிப்பித்து, ஆங்கில மொழிபெயர்ப்பும் செய்தார். 1912ஆம் ஆண்டில் சென்னை அரசு அச்சகம் அதனை வெளியிட்டது.

நூலின் தொடக்கத்தில் மகாவீரர் கணிதத்தின் பயன்களை அடுக்கிக் கூறுகிறார். காமநூல், பொருள்நூல், இசை, நாடகம், சமையல், மருத்துவம், மனைநூல், யாப்பு, அணி, தருக்கம், இலக்கணம் ஆகிய எல்லாவற்றிலும் கணிதம் போற்றப்படுகிறது என்பது அவர் கூற்று. இக்காலப் பாடத்திட்டக் கையேடு ஒன்றின் முதற்பக்கத்தைப் படிப்பது போன்ற உணர்வே நமக்கு எழுகிறது. ஆயின், பெருக்கலைக் கற்பிக்கும் இடத்திற்கு வந்தவுடன் ஆசிரியரின் போக்கு மாறிவிடுகிறது. அங்கு அவர் தரும் எடுத்துக்காட்டுகளுள் சில வருமாறு:

139 × 109 = 15151
152207 × 73 = 11111111
12345679 × 9 = 111111111
142857143 × 7 = 1000000001
27994681 × 441 = 12345654321

விடைகள் அனைத்தும் இடமிருந்து படித்தாலும் வலமிருந்து படித்தாலும் ஒன்றாகவே இருக்கின்றன. இத்தகைய எண்களை மகாவீரர் கழுத்தணி என்று குறிப்பிடுகிறார். மாலையின் இரு முனைகளும் ஒத்திருப்பதுபோல் எண்ணின் இரு முனைகளும் ஒத்திருக்கின்றன. 1000000001 என்பதில் இரு முனையிலும் ஒவ்வோர் ஒன்று. இடையே சுழியங்கள் முத்துக்களாகக் கோக்கப்பட்டுள்ளன. இறுதி எண்ணை, ஒன்றில் தொடங்கி ஆறு வரை ஏறிப் பின் முறையே இறங்குவது என்று அவர் சொல்லால் வருணிக்கிறார்.

பெருக்கற் பயிற்சிக்கு எந்த இரண்டு எண்களும் போதும். 27994681 என்னும் எண்ணும் 441 என்னும் எண்ணும் தற்செயலாக ஓர் ஆசிரியர்க்குக் கிட்டியிருக்க இயலாது. விடையிலிருந்து பின்னோக்கிச் சென்றால் வழி தெரிகிறது. 12345654321 என்பது 111111 என்னும் எண்ணின் வர்க்கம். 111111ஐ 21ஆல் மீதமின்றி வகுக்கலாம், ஈவு 5291. இனி 21இன் வர்க்கம் 441. 5291இன் வர்க்கம் 27994681. அதாவது, மாலையை முதலில் கண்டு, அதன் இழைகளைப் பிரித்தெடுத்து, மாணவன் மீண்டும் கோத்து மகிழுமாறு நூலில் வைத்திருக்கின்றனர். 152207 என்பதும் அவ்வாறே அமைகிறது. 11111111இன் காரணிகளாகிய 11, 73, 101, 137 ஆகியவற்றுள் 73ஐத் தனியே நிறுத்தி, எஞ்சிய மூன்றையும் பெருக்கினால் அவ்வெண் கிடைக்கும். மகாவீரரே கண்டாரோ, அவர்க்கு முன்னோர் கண்டு அவர் தொகுத்தாரோ, யாரோ ஒருவர் இதற்காகப் பல பொழுதுகளைச் செலவிட்டிருக்க வேண்டும். இவ்வுழைப்பினால் எந்த வணிகனும் ஊதியம் பெறவில்லை. எந்தக் கோயிலும் கட்டப்படவில்லை. பெருக்கி முடித்த மாணவனின் முகத்தில் தோன்றும் வியப்பு ஒன்றே அதன் விளைவு எனலாம்.

இவ்வியப்பைப் பிற்காலத்தார் வெளிப்படையாகவே நோக்கமெனக் கூறினர். 1356ஆம் ஆண்டில் 'கணிதகௌமுதி' இயற்றிய நாராயண பண்டிதர், மாயச் சதுரங்களுக்கென்று ஓர் அதிகாரத்தையே ஒதுக்கினார். நல்ல கணிதர் வியந்து மகிழ்வதையும் போலிக் கணிதரின் செருக்கு அடங்குவதையும் அவ்வதிகாரத்தின் பயன்களாக அவர் குறிப்பிடுகிறார். (இரண்டாவது பயன் இக்காலத்திற்கும் வேண்டுவதே.)

தமிழிலும் காரிநாயனார் இயற்றிய 'கணக்கதிகாரம்' இவ்வகையில் நினைவுகூரத்தக்கது. நில அளவும் நெல் அளவும் பொன் நிறையும் கூறும் அந்நூல், பலாப்பழத்தை அறுக்காமலே சுளைகளின் தொகையை அறியவும் ஒரு வழி சொல்கிறது. காம்பைச் சுற்றியுள்ள சிறுமுட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும் என்பது அவ்வழி. நாம் ஒருமுறை மாணவர் சிலருடன் சேர்ந்து இதனைச் சோதித்துப் பார்த்தோம். எந்த முள் காம்பருகே உள்ளது, எது தள்ளி உள்ளது என்பதிலேயே கருத்து வேறுபாடு எழுந்தது. இறுதியில் கணக்கிட்ட தொகைக்கும் உரித்தெடுத்த சுளைகளுக்கும் இடையே ஒரு கையளவு வேறுபாடு இருந்தது. எவரும் அதற்காக வருந்தவில்லை. வேறுபட்ட சுளைகளும் சேர்த்தே உண்ணப்பட்டன.

டேவ்லாலி ஆசிரியர்

இனி இருபதாம் நூற்றாண்டிற்கு வருவோம். தத்தாத்ரேய ராமச்சந்திர கப்ரேக்கர் 1905ஆம் ஆண்டில் மும்பைக்கு வடக்கே உள்ள தஹாணுவில் பிறந்தார். எட்டாம் வயதில் தாயை இழந்தார். எழுத்தராகப் பணியாற்றிய தந்தை சோதிடத்தில் ஈடுபாடு மிக்கவர். கணிப்புகளின்மீது மகனுக்கு இளமையிலேயே பற்று ஏற்பட அதுவே வழியாயிற்று. தானேயில் பள்ளிக்கல்வியும், 1923 முதல் புனே பெர்குசன் கல்லூரியில் உயர்கல்வியும் பெற்றார். 1927ஆம் ஆண்டில் அங்கு, ராங்லர் பராஞ்சபே பெயரால் அமைந்த கணிதப் பரிசு அவருக்குக் கிடைத்தது. 1929இல் இளங்கலைப் பட்டம் பெற்று, 1930இல் டேவ்லாலியில் பள்ளி ஆசிரியரானார். 1962இல் ஓய்வு பெறும்வரை அப்பணியிலேயே இருந்தார். மேற்பட்டம் எதுவும் அவர் பெறவில்லை. இவ்வளவே அவருடைய பணி வரலாறு.

ஆனால், அந்த முப்பத்திரண்டு ஆண்டுகளும் அவர் எண்களோடு விளையாடிக்கொண்டே இருந்தார். மும்பையிலிருந்து ஏறத்தாழ முப்பது மைல் தொலைவில் டோம்பிவிலி என்னும் இரயில் நிலையம் உள்ளது. அந்நாளில் அதற்கு டெம்லோ என்று பெயர். அங்குத் தோன்றிய எண்ணத்தின் பயனாகவே ஒருவகை எண்களுக்கு 'டெம்லோ எண்கள்' எனப் பெயரிட்டார். 2553 என்னும் எண்ணில் இரு முனைகளிலும் உள்ள 2, 3 ஆகியவற்றைக் கூட்டினால், நடுவில் மீண்டும் மீண்டும் வரும் 5 கிடைக்கிறது. 47773 என்பதும் அத்தகையதே. இவ்வினத்தில் 1, 121, 12321, 1234321 என ஏறி இறங்கும் எண்களை 'வியத்தகு டெம்லோ எண்கள்' என்று அழைத்தார். இவை பற்றிய அவருடைய கட்டுரை 1938ஆம் ஆண்டில் இந்தியக் கணிதக் கழகத்தின் 'மேத்தமேட்டிக்ஸ் ஸ்டூடண்ட்' இதழில் வெளிவந்தது. இவ்வரிசையின் ஆறாம் எண் 12345654321 என்பதைக் காணும்போது நமக்கு ஒரு கணம் மகிழ்ச்சி உண்டாகிறது. அரசவையில் கழுத்தணியாக ஒளிர்ந்த அதே எண், ஆயிரத்து எண்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கழிந்தபின், ஓர் இரயில் நிலையத்தின் பெயரைச் சூடிக்கொண்டு மீண்டும் வருகிறது.

கப்ரேக்கரின் பெயரை உலகறியச் செய்த எண் 6174. நான்கு இலக்க எண் ஒன்றை எடுத்துக்கொள்க. நான்கு இலக்கங்களும் ஒன்றாக இருத்தலாகாது என்பது மட்டுமே விதி. அவ்விலக்கங்களை இறங்கு வரிசையில் எழுதி, அதிலிருந்து ஏறுவரிசையில் எழுதிய எண்ணைக் கழிக்க. விடையையும் அவ்வாறே செய்க. மலாயா விடுதலை பெற்ற 1957ஆம் ஆண்டைக் கொண்டே பார்ப்போம்:

9751 − 1579 = 8172
8721 − 1278 = 7443
7443 − 3447 = 3996
9963 − 3699 = 6264
6642 − 2466 = 4176
7641 − 1467 = 6174

இதற்குமேல் எத்தனை முறை செய்யினும் 6174 மாறாது. சிங்கப்பூர் தனிநாடான 1965ஆம் ஆண்டை எடுத்துக்கொண்டால் 8082, 8532 என இரண்டே இடைநிலைகளைக் கடந்து அதே எண்ணை அடைகிறோம். எவ்வெண்ணில் தொடங்கினும் ஏழு படிகளுக்குள் அங்குச் சென்று சேரலாம். கணினி கையெட்டாத காலத்தில், 1946ஆம் ஆண்டில், தாளும் எழுதுகோலும் கொண்டு கப்ரேக்கர் இதனைக் கண்டார். 1949ஆம் ஆண்டில் சென்னையில் நடைபெற்ற கணித மாநாட்டில் அறிவித்தார். 'ஸ்கிரிப்டா மேத்தமேட்டிக்கா' இதழில் அவர் எழுதிய குறிப்பின் தலைப்பு, தனியொருவர் ஆடும் மற்றுமோர் ஆட்டம் என்னும் பொருள்படும். கண்டுபிடிப்பு என்றோ தேற்றம் என்றோ அவர் தலைப்பிடவில்லை. ஆட்டம் என்றே சொன்னார். அத்தலைப்பில் அடக்கமும் இருக்கிறது. தாம் எந்த நிலத்தில் நிற்கிறோம் என்பது பற்றிய தெளிவும் இருக்கிறது.

டேவ்லாலியின் பெயரும் எண்ணுலகில் நிலைபெற்றுள்ளது. ஓர் எண்ணுடன் அதன் இலக்கங்களின் கூட்டுத்தொகையைச் சேர்த்தால் மற்றோர் எண் பிறக்கும். 15உடன் 6ஐக் கூட்ட 21 பிறக்கிறது. 101க்குப் பெற்றோர் இருவர். 91இலிருந்தும் 100இலிருந்தும் அது பிறக்கும். ஆனால் 20க்குப் பெற்றோரே இல்லை. இவ்வாறு தாமே தோன்றிய எண்களைத் தன்னெண்கள் என்றும் டேவ்லாலி எண்கள் என்றும் அவர் வழங்கினார். இவற்றைப் பற்றிய சிறு நூல்களைத் தம் செலவிலேயே அச்சிட்டார்.

ஓர் ஊராசிரியர் தம் சொந்தப் பணத்தில் அச்சிட்ட நூல்களைப் பல்கலைக்கழகங்கள் தேடிப் பெறவில்லை. கணிதப் பேராசிரியர் பலர் அவர் முயற்சிகளைச் சிறுபிள்ளை விளையாட்டு என்றே கருதினர். அருகிலுள்ள கல்லூரிகள் சில அவரை அழைத்துப் பேச வைத்ததே உள்நாட்டில் கிடைத்த பெரும் ஆதரவாகும். 1966ஆம் ஆண்டில் அவர் மனைவி காலமானார். ஓய்வூதியம் போதாமையால் தனிப்பாடம் சொல்லிக்கொடுத்து வாழ்ந்தார். 1975ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், 'சயின்டிபிக் அமெரிக்கன்' இதழில் மார்ட்டின் கார்ட்னர் தம் கணித விளையாட்டுப் பகுதியில் கப்ரேக்கரைப் பற்றி எழுதினார். அதன் பின்னரே அவர் பெயர் பரவலாக அறியப்பட்டது. அப்போது அவருக்கு வயது எழுபது. 1986ஆம் ஆண்டில் அவர் மறைந்தார்.

ஹார்டியின் மறுப்பு

கப்ரேக்கரைப் புறக்கணித்தோர்க்குக் காரணமே இல்லை என்று நாம் கூறவில்லை. அக்காரணத்தை மிகத் தெளிவாக எழுதியவர் இராமானுசனை உலகிற்கு அறிமுகப்படுத்திய ஹார்டியே ஆவார். 1940ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஒரு கணிதவியலாளரின் தன்விளக்கம்' என்னும் நூலில் அவர் இரண்டு எடுத்துக்காட்டுகளைத் தருகிறார். நான்கு இலக்க எண்களுள் தம் தலைகீழ் வடிவத்தின் மடங்காக அமைபவை 8712, 9801 ஆகிய இரண்டே. முன்னது 2178இன் நான்கு மடங்கு; பின்னது 1089இன் ஒன்பது மடங்கு. அவ்வாறே 153 என்பது 1, 5, 3 ஆகியவற்றின் கனங்களைக் கூட்டினால் கிடைப்பது. ஒன்றைத் தவிர்த்தால் இத்தகைய எண்கள் நான்கே உள்ளன. நாளிதழின் புதிர்ப்பகுதிக்கு இவை ஏற்றவை. ஆனால் ஒரு கணிதவியலாளரைக் கவரும் எதுவும் இவற்றில் இல்லை என்பது ஹார்டியின் முடிவு. பத்தடிமான எழுத்துமுறையை மாற்றினால் இப்பண்புகள் கலைந்துவிடும். இவற்றிலிருந்து வேறொன்றிற்குச் செல்லும் பொதுமையும் இல்லை.

இவ்வாதத்தின் வலிமையை மறுக்க இயலாது. 6174இன் தனித்தன்மை மனிதனுக்குப் பத்து விரல்கள் இருப்பதைச் சார்ந்தது என்று எவரேனும் கூறினால் அது உண்மையே. ஆயினும், ஒரு நகைமுரண் இங்கே கவனிக்கத்தக்கது. அதே நூலில் ஹார்டி, உண்மையான கணிதம் பெரும்பாலும் பயனற்றது என்றும், அழகே அதன் அளவுகோல் என்றும் வாதிடுகிறார். பயன் கருதாமைக்கு உயர்ந்த இடம் தந்த அவரே, பயன் கருதாத மற்றொரு வகையினரை வாயிலில் நிறுத்திவிட்டார். அவர் காட்டிய தடை பயனன்று, ஆழம். ஆழமில்லாததை ஆராய்ச்சி என்று ஏற்க வேண்டியதில்லை. அதற்காக அதனை இன்பம் என்றும் ஏற்கலாகாதா என்பதே நம் வினா.

மகாவீரரின் கழுத்தணிகளும் பத்தடிமானத்தைச் சார்ந்தவையே. எழுதிய எண்ணின் உருவத்தைக் கண்டு மகிழ்வதே அங்கும் நிகழ்கிறது. இடமதிப்பு முறையைத் தந்த நாட்டில், அம்முறையின் சாயலிலேயே ஓர் அழகுணர்ச்சி வளர்ந்தது இயல்பு. செய்யுளில் எதுகையும் மோனையும் ஒரு மொழியின் ஒலியைச் சார்ந்தவை, மொழிபெயர்த்தால் கலைந்துவிடும். அதனால் அவற்றைத் தமிழாசிரியர் எவரும் அற்பம் என்று தள்ளுவதில்லை. எண்ணின் எதுகைக்கும் அவ்வளவு இடம் தரலாம் என்றே நமக்குத் தோன்றுகிறது.

இராமானுசனிடமும் இவ்விளையாட்டுக் கூறு இருந்தது. அவருடைய இரண்டாம் குறிப்பேட்டின் முதல் அதிகாரம் மாயச் சதுரங்களைப் பற்றியது. 1911ஆம் ஆண்டில் இந்தியக் கணிதக் கழக இதழின் வினாப் பகுதிக்கு, வர்க்கமூலத்திற்குள் வர்க்கமூலமாக முடிவின்றி நீளும் ஒரு கோவையை அனுப்பி, அதன் மதிப்பு யாது எனக் கேட்டார். ஆறு திங்கள் வரை எவரும் விடை அனுப்பவில்லை. விடை 3. எனினும் அவருடைய விளையாட்டு ஆழத்தைத் தொட்டது. ஆதலின் விளையாட்டு மன்னிக்கப்பட்டது. கப்ரேக்கரின் விளையாட்டு விளையாட்டாகவே நின்றது. வரலாற்று நோக்கில் பார்க்கும்போது பின்னவரே நமக்கு நல்ல சான்றாகிறார். வேறெந்தப் பெருமையும் வந்து மறைக்காததால், இன்பத்தை மட்டும் தனியே அவரிடம் காண முடிகிறது.

ஒரு பெயர்

இலக்கங்களின் கூட்டுத்தொகையால் மீதமின்றி வகுபடும் எண்களுக்குக் கப்ரேக்கர் ஒரு பெயர் தந்தார். 18இன் இலக்கக் கூட்டுத்தொகை 9. 18ஐ 9 வகுக்கும். இராமானுசனோடு இணைத்துப் பேசப்படும் 1729இன் இலக்கக் கூட்டுத்தொகை 19. 19ஐ 91ஆல் பெருக்கினால் 1729. இவற்றிற்கு 'ஹர்ஷத' எண்கள் என்று பெயர் வைத்தார். வடமொழியில் ஹர்ஷம் மகிழ்ச்சி. 'த' என்பது தருவது. 1977ஆம் ஆண்டில் ஐவன் நிவென் என்னும் கணிதவியலாளர் ஒரு மாநாட்டில் இவ்வெண்களைப் பற்றிப் பேசினார். அதன்பின் நிவென் எண்கள் என்ற பெயரும் புழக்கத்திற்கு வந்தது. இரு பெயர்களும் இன்று நூல்களில் காணப்படுகின்றன. ஒன்று பேசியவரைச் சுட்டுகிறது. மற்றொன்று அவ்வெண்களை ஒருவர் ஏன் தேடினார் என்பதைச் சொல்கிறது. தமிழ் வகுப்பறைக்கு இதனைக் கொண்டுசெல்லும்போது நாம் 'களிப்பெண்' என்று வழங்கி வருகிறோம். நூறுக்குள் அவை எத்தனை என்று கேட்டுவிட்டு அமர்ந்துவிட்டால் வகுப்பில் சிறிது நேரம் அமைதி நிலவும். சோதனைக்கு வருமா என்னும் கேள்வி அன்று சற்றுத் தாமதமாகவே எழும்.